பொங்கலுக்கு வெள்ளை அடித்த சுவர்

எசன் நகரிலிருந்து திரும்பி வந்த அன்று என் இரண்டு கையிலும் பை. ஒன்றில் பச்சையரிசி, பயறு, சர்க்கரை. மற்றதில் ஒரு புதுப் பானை. ரைன் நதிக்கரையில் நாங்கள் இருந்த சின்ன ஊரில் இவையெல்லாம் கிடைக்காது. பொங்கலுக்குச் சில நாட்களே இருந்ததால், எசனில் சித்தி வீட்டில் ஓரிரவு தங்கி, தமிழ்க் கடையில் சாமான் வாங்கிக்கொண்டு ரயிலில் வந்திருந்தேன்.

கை இரண்டும் நிறைந்திருந்ததால் தோளால் கதவைத் தள்ளினேன். கண் கூசியது.

வாசலிலிருந்து படிக்கட்டு வரை நடை முழுவதும் ஒரே வெள்ளை. கரும்பலகை துடைத்த துணியின் மணம். நடுவிலே கதிரையில் ஏறி நின்று, கையில் பெரிய பிரஷுடன் என்னைப் பார்த்துச் சிரித்தார் என் அண்ணை பரம். மீசையிலும் காதிலும்கூட வெள்ளைப் பொட்டுகள்.

“எப்பிடி?” என்றார். “பொங்கலுக்கு வீடு வீடு மாதிரி இருக்க வேண்டாமோ?”

நான் இடப்பக்கச் சுவரைப் பார்த்தேன்.

“அண்ணை, இதிலை இருந்த கோடெல்லாம் எங்கை?”

“எந்தக் கோடு?”

“சிவப்புக் கோடுகள். பேரெல்லாம் எழுதியிருந்ததே.”

“ஓ, அந்தக் கிறுக்கலோ? அதை மறைக்கவெண்டே மூண்டு தரம் இழுத்தனான். இனி ஒருத்தருக்கும் தெரியாது.”

அவ்வளவு பெருமையாகச் சொன்னார். அந்த நேரம் பார்த்து மேல் வீட்டுக் கதவு திறந்தது. வீட்டுக்காரி கேர்டா அம்மையார் செருப்பைச் சரக் சரக்கென்று தேய்த்துக்கொண்டு படியிறங்கும் சத்தம் கேட்டது.

அவருக்கு முழங்கால் வலி. கீழே வந்து சேர நேரம் எடுக்கும். அதற்குள் அந்தக் கோடுகளைப் பற்றி நான் சொல்லிவிடுகிறேன்.

ஆறு இல்லாத ஊர்க்காரர்

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. வழுக்கையாறு இருக்கிறதே என்று யாரும் ஆசிரியருக்குக் கடிதம் போட வேண்டாம். மாரியில் கொஞ்சம் ஓடிவிட்டுக் கோடையில் ஒளித்துக்கொள்வதை ஆறு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. எங்களுக்குத் தண்ணீர் என்றால் கிணறு. இல்லாவிட்டால் கடல். ஒன்று நின்ற இடத்தில் நிற்கும், மற்றது வந்த வழியே திரும்பிப் போகும். ஒரேயொரு திசையில் போய்க்கொண்டே இருக்கிற தண்ணீரை நான் முதலில் பார்த்தது ஜேர்மனியில்தான்.

அகதி முகாமிலிருந்து எங்களை இந்த ஊருக்கு அனுப்பினார்கள். அண்ணைக்கு ஆற்றங்கரை ஹோட்டல் ஒன்றின் குசினியில் வேலை கிடைத்தது. நான் பகலில் ஜேர்மன் வகுப்பு, மற்ற நேரம் ஆறு. அண்ணை என்னை ‘விடுப்புக்காரி’ என்பார். ஊர்ப் புதினம் அறிகிறதில் எனக்குப் பசியே தெரியாது என்பது அவருடைய குற்றச்சாட்டு. உண்மைதான்.

ஆனால் அந்த ஊரில் விடுப்பு அறியாமல் எப்படி இருப்பது? நீளமான சரக்குக் கப்பல்கள் போகும். பின்பக்கத்தில் மாலுமி குடும்பத்தின் வீடு, யன்னலில் பின்னல் திரைச்சீலை, கொடியில் காயும் பிள்ளைகளின் காற்சட்டைகள், கூரையின் மேல் ஒரு கார். காரை எதற்குக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று வகுப்பில் கேட்டேன். கப்பல் நின்ற ஊரில் கடைக்குப் போகத்தான் என்றார் ஆசிரியை. எவ்வளவு சின்ன விடயம், ஆனால் அன்று முழுவதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பாலம் இல்லாத ஊர். அக்கரைக்குப் போக ஒரு பாதைப் படகு, மோட்டாரோடு. பொழுதுபட்டால் அதுவும் இல்லை. அதனால் இரண்டு கரைக்காரருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்காது. அக்கரையான் திராட்சை இரசத்தில் தண்ணீர் கலப்பான் என்று இங்கே சொல்வார்கள். இங்கே உள்ளவர்களைப் பற்றி அங்கே என்ன சொல்வார்கள் என்று அறிய ஒருநாள் வேண்டுமென்றே படகேறிப் போனேன். அதையேதான் சொன்னார்கள்.

எங்கள் வீட்டு வெளிச்சுவரில், மேல்மாடி யன்னலுக்குச் சற்றுக் கீழே, ஒரு இரும்பு வளையம் பதித்திருந்தது. அவ்வளவு உயரத்தில் மாடா கட்டுவார்கள்? பல நாள் அதைப் பார்த்துக்கொண்டே போய் வந்தேன். கடைசியில் கேர்டா அம்மையாரிடமே கேட்டுவிட்டேன்.

“தோணி கட்ட,” என்றார் அவர். ஆற்றோரத் தெருவில் கீழ்வீடு எங்களுக்கு ஏன் அவ்வளவு சுலபமாகக் கிடைத்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அக்கரை மாப்பிள்ளை

வெள்ளம் வந்தால் அது ஏறி நின்ற உயரத்தில் சுவரில் கோடு போடுவது அந்த ஊர் வழக்கம். தேவாலய வாசலில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வீடுகளில் அவரவர் வசதிப்படி. எங்கள் நடையின் இடப்பக்கச் சுவரில் கணுக்கால் உயரம், முழங்கால் உயரம், இடுப்பு உயரம் என்று ஒன்றின் மேல் ஒன்றாகச் சிவப்புக் கோடுகள். பக்கத்திலே ஆண்டும் பெயரும். அந்த நேரம் கீழ்வீட்டில் யார் இருந்தார்களோ அவர்கள்தான் கோடு போட வேண்டும். கேர்டா அம்மையாரின் பாட்டனாரின் கோடு இருந்தது. வாடகைக்கு இருந்த ஒரு தையற்காரரின் கோடு இருந்தது. அந்த ஊரின் சரித்திரத்தை நான் படித்தது அந்தச் சுவரில்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே, என் நெற்றி உயரத்தில் ஒரு கோடு. அதன் மேல் இரண்டு பெயர்: ஹான்னஸ், கேர்டா.

அம்மையார் இளம் பெண்ணாக இருந்தபோது வந்த பெருவெள்ளம் அது. கீழ்வீடு மூழ்கி, எல்லோரும் மேல்மாடியில். அக்கரைப் படகோட்டியின் மகன் ஒருவன் தோணியில் தெருத் தெருவாக வந்து பாண் ரொட்டி கொடுத்தான். இரும்பு வளையத்தில் தோணியைக் கட்டுவான். கேர்டா யன்னலிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவாள். ஆறே நாளில் அந்த வீட்டுக்கு மட்டும் பாண் கொடுக்க அரை மணித்தியாலம் எடுக்கத் தொடங்கியது என்று சொல்லிச் சிரித்தார்.

வெள்ளம் உச்சியில் நின்ற அன்று, ஹான்னஸ் தோணியோடு குனிந்தபடி வாசலுக்குள் நுழைந்து, தோணிக்குப் பூசுகிற சிவப்பு மையால் கோடு போட்டு, இரண்டு பெயரையும் எழுதிவிட்டான். கேர்டாவின் தகப்பன் பார்த்துக் குதித்தாராம். அக்கரையான்! உடனே அழிக்கச் சொன்னாராம். தாய் விடவில்லை. தண்ணீர் வடிந்த பிறகும் அவன் பாணோடு வந்துகொண்டிருந்தான். வெள்ளம் செய்து வைத்த கல்யாணம். எங்கள் ஊரில் என்றால் இரண்டு ஊர்க் கோயிலிலும் இதே பேச்சாக இருந்திருக்கும் என்று நான் சொன்னேன். “இங்கேயும்தான்,” என்றார்.

நாங்கள் குடிவருவதற்குக் கொஞ்சக் காலம் முன்புதான் ஹான்னஸ் இறந்திருந்தார். அம்மையார் அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் கடைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தக் கோட்டில் கையை வைத்துவிட்டுத்தான் போவார். வைக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் வைக்கிற கை அது.

இதையெல்லாம் அண்ணைக்கு நான் சொல்லியிருந்தேன். அண்ணை ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டே வேறு எதையாவது யோசிக்கிற மனிதர்.

முருகன் மட்டும் கீழே

அந்த மார்கழியில், நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்குக் கிட்ட, ஆறு ஏறத் தொடங்கியது. வானொலி மணிக்கொரு தரம் தண்ணீரின் அளவு சொன்னது. தெருவில் பலகைப் பாலம் போட்டார்கள். யாரும் ஓடவில்லை, கத்தவில்லை. வெருண்டது நாங்கள் இருவரும்தான்.

“மேலே வாருங்கள்,” என்று அம்மையார் படியின் உச்சியிலிருந்து கூப்பிட்டார். வெள்ள காலத்தில் மேல்வீட்டுக் கதவைப் பூட்டுவதில்லை என்பதும் அவ்வூர் வழக்கம். கட்டில், அலுமாரி, அரிசிச் சாக்கு எல்லாம் மேலே போயின. நடையின் வலப்பக்கச் சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தை மட்டும் அண்ணை எடுக்கவில்லை.

“அவர் இருக்கட்டும். அவர் பாத்துக்கொள்ளுவார்,” என்றார்.

தண்ணீர் உள்ளே வந்தது. மண்ணெண்ணெய் போல ஒரு மணம். யார் யாருடைய நிலவறையிலோ வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்த் தாங்கி உடைந்திருந்தது. ஏறி ஏறி வந்து, படத்தில் மயிலின் காலை நனைத்து நின்றது. அண்ணை படியில் உட்கார்ந்து கும்பிட்டார். அம்மையார் படியிலிருந்து எட்டி, இடப்பக்கச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். “சுவர் காய்ந்ததும் சிவப்பு மையால் நீங்கள் போட வேண்டும். கீழ்வீட்டுக்காரர் நீங்கள்தானே,” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணை அந்த நேரம் வேலை கெடப்போகிறதே என்று யோசித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

தண்ணீர் வடியத் தொடங்கியதும் தெருவெல்லாம் சனம், ஆளுக்கொரு தும்புத்தடியோடு. அண்ணை சொன்னார், “முதல் காயட்டும், பிறகு கூட்டுவம்.” எங்கள் ஊரில் முற்றத்துச் சேற்றை அப்படித்தான் செய்வோம். இரண்டு நாளில் அந்தச் சேறு சீமெந்தாக இறுகிவிட்டது. மண்வெட்டி வாங்கி வந்து கொத்தினோம். சுவரெல்லாம் கறை. அதோடு பொங்கலும் வந்துவிட்டது.

கறைச் சுவருக்கு முன்னால் பொங்கினால் அண்ணைக்கு மனம் ஆறாது. எங்களை மேலே வைத்துச் சோறு போட்ட மனுசிக்கு ஒரு நன்றியும் செய்ய வேண்டும். நான் எசனுக்குப் போன அன்று கடையில் வெள்ளைத் தூள் ஒரு பை வாங்கினார். சுண்ணாம்பு என்று நினைத்துத்தான் வாங்கினார். அது கரும்பலகையில் எழுதுகிற வெறும் சோக்குத் தூள்.

சாந்துத் துண்டு

இப்போது அம்மையார் கடைசிப் படிக்கு வந்துவிட்டார்.

நின்றார். பார்த்தார். வழக்கமாகக் கை போகும் இடத்துக்குக் கை போனது. விரலில் வெள்ளை ஒட்டியது. அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணை கதிரையில் நின்றபடி, “நல்லாயிருக்கோ?” என்று தனக்குத் தெரிந்த ஜேர்மனில் கேட்டார்.

நான் தமிழில் அண்ணைக்கு எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன். இந்த முறை கேட்டார். அவர் முகம் சுவரை விட வெளுத்தது. கதிரையிலிருந்து குதித்தார். “அந்தாளின்ர கோடு எதிலை இருந்தது?” என்றார். நான் கையைக் காட்டினேன். யோசிக்காமல் குசினிக் கத்தியை எடுத்து வந்து சுரண்டினார். வெள்ளத்தில் ஊறியிருந்த சுவர். கையளவு சாந்து பொத்தென்று விழுந்து தரையில் தூளாகியது. தூளுக்குள் சிவப்பு தெரிந்தது.

“கையை எடு!” அம்மையார் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. “இனி இந்தச் சுவரை யாரும் தொடக்கூடாது. யாரும்!”

மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“வீட்டாலை எழும்பச் சொல்லப் போறா,” என்றார் அண்ணை. “சொல்ல முந்தி நாங்களே போயிடுவம் பிள்ளை.”

“எங்கை போறது அண்ணை? இந்தக் குளிருக்கை?”

அம்மையார் எழும்பச் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே வந்து என்னோடு தேநீர் குடித்து, உளுந்து வடையில் மிளகாயைப் பொறுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடுகிறவர் வருவதை நிறுத்தினார். பொங்கலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கதவிடுக்கால் வாங்கிக்கொண்டார். நடையால் போகும்போது இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

சுவரைக் கழுவிப் பார்க்கக் கூடாதா என்று ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“கழுவினால் தெரிந்துவிடும்,” என்றார். “இப்போது அது உள்ளே இருக்கலாம். கழுவிப் பார்த்து, அந்தத் துண்டோடு அவனும் போயிருந்தால்?”

அதன் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அண்ணை அந்த வருடம் முழுவதும் அவர் வாசலில் பனி தள்ளினார், குப்பைத் தொட்டி இழுத்து வைத்தார், விறகு ஏற்றினார். அம்மையார் நன்றி சொல்வார். அவ்வளவுதான். அண்ணை அந்த ஓட்டைக்குப் பக்கத்தால் போகும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

தண்ணீரோடு கூட்டுவது

அடுத்த குளிர்காலத்தில் ஆறு மறுபடியும் ஏறியது. அண்ணை வானொலியை முந்திக்கொண்டார். படகுத் துறையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கட்டிலைக் கழற்றத் தொடங்கினார். மேலே போவதா, முகாமில் இடம் கேட்பதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

“மேலே வாருங்கள்,” என்று குரல் வந்தது. கதவு அகலத் திறந்திருந்தது. வெள்ள வழக்கத்தில் கோபத்துக்கு விலக்கு இல்லைப் போலும்.

மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கீழே தண்ணீர் சுவரில் மோதும் சத்தம் மரத்தரை வழியாகக் கேட்டது. அதிகம் கதைக்கவில்லை. அம்மையார் வடை இருக்கிறதா என்று கேட்டார். மேல்வீட்டு அடுப்பில் சுட்டேன். மிளகாயைப் பொறுக்கி வைத்தார். நான் இன்னும் இரண்டு சுட்டேன்.

போன வருடத்தை விட ஒரு சாண் குறைவாக நின்றுவிட்டுத் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. முழங்கால் அளவுக்கு வந்ததும் அம்மையார் எங்கள் இருவர் கையிலும் தும்புத்தடியைத் தந்தார்.

“இப்போது! தண்ணீர் போகும்போதே! ஆறு கொண்டுவந்ததை ஆறே கொண்டுபோகட்டும்.”

றப்பர் சப்பாத்தோடு இறங்கினோம். சேற்றைக் கலக்கிக் கலக்கி வாசலை நோக்கித் தள்ள வேண்டும். சுவரிலும் தண்ணீரை வாரி அடித்துத் தேய்க்க வேண்டும். நான் வலப்பக்கம், அண்ணை இடப்பக்கம். சுவரைத் தொடலாமா என்று அவர் மேலே பார்த்தார். படியில் நின்ற அம்மையார் தலையசைத்தார். அண்ணை மெதுவாகத் தேய்த்தார்.

“பிள்ளை, இஞ்சை வா. கெதியா வா!”

சோக்கு பால் போலக் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து சிவப்பாக, கொஞ்சமும் மங்காமல், தையற்காரரின் கோடு வந்தது. அதற்கு மேலே பாட்டனாரின் கோடு. தோணி மை தண்ணீருக்கென்றே செய்த மை, அது அசையவே இல்லை. வெள்ளம் ஏறியிருந்த உயரம் வரை ஒவ்வொரு கோடாகத் தெரிந்தது. அதற்கு மேலே இன்னும் வெள்ளை. ஹான்னஸ் அந்த வெள்ளைக்குள் இருந்தார்.

அம்மையார் இறங்கி வந்தார். முழங்கால் தண்ணீரில், வீட்டுச் செருப்போடு.

“போன வருடத்துப் பென்சில் கோடு பிரஷ் தேய்த்ததில் போயிருக்கும்,” என்றார். சொன்னது வேறு, மனதில் இருந்தது வேறு என்று எனக்குத் தெரிந்தது.

அண்ணைக்கு மொழிபெயர்த்தேன். அவர் உடனே வலப்பக்கம் திரும்பி முருகன் படத்தைக் காட்டினார். “தண்ணி மயிலின்ர கால் மட்டுக்கும் வந்தது. நான் இருந்து கும்பிட்டனான், எனக்கு மறக்குமோ? படம் அதே ஆணியிலைதான் இருக்கு. அந்தளவு பிடிச்சுக் கோடு போடலாம் எண்டு சொல்லு.”

சொன்னேன். அம்மையார் மயிலைப் பார்த்தார். அண்ணையைப் பார்த்தார். பிறகு கழுத்திலிருந்த சால்வையை எடுத்துத் தண்ணீரில் நனைத்தார்.

“அவனை விலகி நிற்கச் சொல்லு,” என்றார். அண்ணை எதிர்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

ஓட்டைக்கு இடப்பக்கமாகத் தொடங்கித் துடைத்தார். கோடு வந்தது. இன்னும் துடைத்தார். முதலெழுத்து வந்தது. இரண்டாவது வந்தது. ஹான்னஸ் முழுதாக, ஒரு எழுத்தும் குறையாமல் வந்தார். அதற்கு அடுத்து ஓட்டை. அண்ணையின் கத்தி கொண்டுபோனது கேர்டாவை.

அம்மையார் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தார்.

“என்னைத்தானா? நான் இங்கேதானே நிற்கிறேன்!”

சிவப்பு மை

சித்திரை வரை சுவரைக் காய விட்டோம். அண்ணை ஓட்டைக்குப் புதுச் சாந்து வைத்துப் பூசினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மையார் தோணி மை டப்பாவோடு கீழே வந்தார்.

முதலில் எங்கள் இரண்டு வெள்ளத்தின் கோடுகளையும் போட்டோம், ஒன்று மயிலின் காலுக்கு நேரே. பிறகு அவர் சிறிய பிரஷ் ஒன்றை அண்ணையிடம் நீட்டி, ஹான்னஸுக்குப் பக்கத்திலிருந்த வெற்றிடத்தைக் காட்டினார்.

“நீதான் எடுத்தாய். நீதான் திரும்ப எழுத வேண்டும்.”

அண்ணை என்னைப் பார்த்தார். “எனக்கு அவையின்ர எழுத்து வடிவா வராது. பிழையா எழுதிப் போட்டனெண்டால்? திரும்பச் சுரண்டவும் ஏலாது.”

மொழிபெயர்த்தேன்.

“அவனுக்கு வருகிற எழுத்தில் எழுதட்டும்,” என்றார் அம்மையார்.

அண்ணை கையைத் துணியில் துடைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு, மிக மெதுவாக எழுதினார். சிவப்பு மையில், தமிழில், கேர்டா.

பின்னர் நாங்கள் கொலோனுக்கு மாறிப் போனோம். அண்ணைக்கு அங்கே வேலை, எனக்கு அங்கே கல்யாணம். ஆனால் போகவர இருந்தோம். ஒருமுறை நான் போயிருந்தபோது தபாற்காரர் நடையில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹான்னஸுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சுருள் சுருளான படம் என்ன என்று கேட்டார்.

அம்மையார் கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். கை பழைய இடத்துக்குப் போனது. ஹான்னஸைத் தொட்டது, அப்படியே பக்கத்துக்கு நகர்ந்து தமிழ் எழுத்தையும் தொட்டது.

“அதுவா?” என்றார். “அது நான்தான்.”